வீடு மாறிய எழுத்துக் கருவி!

வீடு மாறியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தொல்லை என்று.

பழைய வீட்டில் சுவரோரம் கம்பீரமாக நின்ற பீரோ, புது வீட்டு வாசலில் நுழையாது. பழைய வீட்டில் விளக்கு சுவிட்ச் வலது பக்கம் இருக்கும். புது வீட்டில் அது இடது பக்கம். ராத்திரி எழுந்தால், கை பழைய இடத்தையே தேடும்!

மனிதர்கள் மட்டும்தான் வீடு மாறுகிறார்களா? இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கருவிகளும் வீடு மாறுகின்றன.

அப்படி வீடு மாறிய ஒரு கருவியின் கதை இது. அதன் பெயர் ஈமேக்ஸ்.

அது குடிபோன வீட்டின் சொந்தக்காரக் கம்பெனி, வியாபாரத்தில் தோற்றது. பிறகு வேறொரு கம்பெனிக்கு விலை போனது. ஆனாலும் கருவி பிழைத்துக்கொண்டது. எப்படி? கேளுங்கள்.

எடிட்டர் என்றால் யார்?

ஈமேக்ஸ் என்பது ஓர் எடிட்டர்.

"எடிட்டர்" என்றதும் மூக்குக்கண்ணாடி போட்ட பத்திரிகை ஆசிரியரை நினைத்துவிடாதீர்கள். இது ஆள் அல்ல, ஒரு மென்பொருள். கம்ப்யூட்டரில் எழுதவும், எழுதியதைத் திருத்தவும், அழிக்கவும், சேமிக்கவும் உதவும் கருவி. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுவதும் இதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். தச்சருக்கு உளி எப்படியோ, அவர்களுக்கு எடிட்டர் அப்படி.

ஈமேக்ஸ் பிறந்தது 1976-ல். பிறந்த இடம், அமெரிக்காவில் உள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அப்போது அவருக்கு வயது 23.

பின்னர் அவர் அதைப் புதிதாக எழுதினார். "குனு ஈமேக்ஸ்" என்ற பெயரில் 1985-ல் உலகத்துக்குக் கொடுத்தார்.

செய்முறையும் சேர்த்து!

கொடுத்தார் என்றால், சும்மா கொடுக்கவில்லை. செய்முறையோடு கொடுத்தார்.

ஓட்டலில் சாம்பார் சாப்பிடுகிறோம். ருசியாக இருக்கிறது. "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வார்களா? மாட்டார்கள். அது தொழில் ரகசியம்.

பெரும்பாலான கம்பெனிகள் விற்கும் மென்பொருளும் அப்படித்தான். சாம்பார் கிடைக்கும், செய்முறை கிடைக்காது.

ஈமேக்ஸ் அப்படி அல்ல. அதன் நிரல் முழுவதையும் யாரும் படிக்கலாம். திருத்தலாம். மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், உங்கள் செய்முறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிச் செய்முறையைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளைத்தான் திறமூல மென்பொருள் என்கிறார்கள். ஸ்டால்மன் அதை "சுதந்திர மென்பொருள்" என்றே சொல்வார்.

இந்தச் செய்முறை விஷயத்தை மறந்துவிடாதீர்கள். கதையின் உயிர்நாடியே அதுதான்.

ஜன்னல் யாருடையது?

கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஜன்னல் திறக்கிறது. அதில் எழுத்துகள் தெரிகின்றன. அந்த ஜன்னலைத் திறப்பது எடிட்டர் அல்ல!

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் திரையில் படம் போடுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஜன்னல் திறப்பது, எழுத்து வரைவது, வண்ணம் பூசுவது எல்லாம் அதன் பொறுப்பு. மவுஸ் எங்கே நகர்ந்தது, எந்தப் பொத்தான் அழுந்தியது என்று சொல்வதும் அதுதான். எடிட்டர் அதனிடம் கேட்டு வேலை வாங்க வேண்டும்.

இதில்தான் சிக்கல். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இந்தப் பகுதி ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பாஷை பேசுகிறது.

பெரிய கல்விக்கூடங்களின் கம்ப்யூட்டர்களில் "எக்ஸ் விண்டோ" என்ற முறை பரவியது. அது பிறந்ததும் அதே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்தான், 1984-ல். மைக்ரோசாஃப்ட் விண்டோசுக்கு வேறு பாஷை. ஆப்பிளுக்கு இன்னொரு பாஷை.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சென்னையில் துபாஷிகளை வைத்திருந்தன அல்லவா? துரை ஒரு பாஷை பேசுவார். ஊரார் வேறு பாஷை பேசுவார்கள். நடுவில் நின்று இருவருக்கும் புரிய வைப்பவர் துபாஷி.

எடிட்டரை வேறு வீட்டுக்குக் குடிவைப்பது என்றால், அந்த வீட்டுப் பாஷை தெரிந்த ஒரு புதிய துபாஷியை எழுதிக் கொடுப்பது என்று அர்த்தம். துரை மாறுவதில்லை. துபாஷி மட்டும் மாறுகிறார்.

கறுப்புப் பெட்டி

1985-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், தாம் தொடங்கிய ஆப்பிள் கம்பெனியை விட்டே வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 30. சும்மா இருக்கவில்லை. "நெக்ஸ்ட்" என்று ஒரு புதிய கம்பெனி தொடங்கினார்.

1988-ல் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வெளிவந்தது. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். பார்க்கக் கறுப்புப் பெட்டி மாதிரி இருக்கும். விலை 6,500 டாலர்!

அழகான யந்திரம். காகிதத்தில் அச்சாவது எப்படி இருக்குமோ, அப்படியே திரையிலும் எழுத்து தெரியும். ஜெனீவா அருகே உள்ள விஞ்ஞானக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் உலகின் முதல் இணைய உலாவியை எழுதியது இந்த யந்திரத்தில்தான்.

ஆனால் விலையைப் பார்த்து ஜனங்கள் ஓடிவிட்டார்கள். மொத்தம் விற்றது சுமார் 50 ஆயிரம்தான். 1993-ல் யந்திரம் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது.

அந்தச் சின்னக் கூட்டத்திலும் ஈமேக்ஸ் பிரியர்கள் இருந்தார்கள். "எங்கள் எடிட்டர் இந்த வீட்டிலும் வேண்டும்" என்று முனைந்தார்கள். கறுப்புப் பெட்டிக்கு ஒரு துபாஷியை எழுத ஆரம்பித்தார்கள்.

தலைகீழ் வீடு

முதல் தொல்லை, வீடே தலைகீழாக இருந்தது!

பள்ளிக்கூட நோட்டில் எங்கிருந்து எழுதுகிறோம்? மேலே இருந்து கீழே. எடிட்டரும் அப்படித்தான் எண்ணும். மேலே முதல் வரி, அதற்குக் கீழே இரண்டாம் வரி.

ஆனால் கணக்கு வாத்தியார் கட்டம் போட்ட தாளில் என்ன செய்வார்? இடது பக்க அடி மூலையில் பூஜ்யம் போடுவார். அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போவார்.

நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் கணக்கு வாத்தியார் கட்சி. எக்ஸ் விண்டோ நோட்டுப் புத்தகக் கட்சி. எடிட்டர் "மேலே எழுது" என்று சொன்னால், இங்கே அது கீழே போய் நிற்கும்.

இதற்கு நல்லவேளையாக ஒரு வழி இருந்தது. "என் ஜன்னலுக்குள் மட்டும் மேலிருந்து கீழே எண்ணு" என்று அந்த வீட்டிடம் சொல்லிவிடலாம். இந்த உத்தரவு இரண்டே வரி.

ஆனால் ஜன்னலைத் திரையில் எங்கே வைப்பது என்று வரும்போது பழைய தொல்லைதான். அங்கே திரையின் உயரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் கழிக்க மறந்தால் போதும், ஜன்னல் வேறு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு நாட்டாமை

அடுத்த தொல்லை இன்னும் பெரிது. யார் நாட்டாமை?

ஈமேக்ஸ் தானே பெரியவர் என்று நினைக்கும் கருவி. "நான் வேலை செய்துகொண்டிருப்பேன். எனக்குத் தேவைப்படும்போது, ஏதாவது பொத்தான் அழுந்தியதா என்று வந்து கேட்பேன்" என்பது அதன் வழக்கம்.

நெக்ஸ்ட் வீட்டுச் சட்டம் வேறு. "இங்கே நான்தான் பெரியவன். நீ சும்மா உட்கார். ஏதாவது நடந்தால் நான் உன்னைக் கூப்பிடுகிறேன்" என்கிறது அது.

ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரும் பெண் வீட்டுப் பெரியவரும் ஒரே நேரத்தில் பந்தி விசாரித்தால் என்ன ஆகும்? சிலருக்கு இரண்டு பாயசம். சிலருக்கு இலையே வராது!

இதைத் தீர்த்த விதம் வேடிக்கையானது. ஈமேக்ஸ் ஓய்வாக இருக்கும்போது, கோலை அந்த வீட்டிடம் கொடுத்துவிடும். பொத்தான் அழுந்தினாலோ, குறித்த நேரம் கழிந்தாலோ, துபாஷி தனக்குத் தானே ஒரு குறிச்செய்தி அனுப்பிக்கொள்வார். அதைக் கண்டதும் வீடு நின்றுவிடும். கோல் மறுபடி ஈமேக்ஸ் கைக்கு வரும்.

நாம் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எத்தனையோ முறை இந்தக் கோல் கை மாறுகிறது. நம் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இல்லாத பொத்தான்

ஈமேக்சில் பல கட்டளைகளுக்கு "மெட்டா" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அது பழைய ஆராய்ச்சிக்கூடக் கம்ப்யூட்டர்களில் இருந்த பொத்தான். இப்போது கடையில் வாங்கும் விசைப்பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் "ஆப்ஷன்" என்ற பொத்தானை மெட்டாவாக வைத்தார்கள். உடனே இன்னொரு தொல்லை! ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் கோடும் புள்ளியும் போட அந்த ஆப்ஷன் பொத்தான்தான் வேண்டும்.

கடைசியில் முடிவை எழுதுகிறவரிடமே விட்டார்கள். வேண்டுமானால் இடது ஆப்ஷனை மெட்டாவாக வைத்துக்கொள்ளலாம். வலது ஆப்ஷனைப் பழையபடி எழுத்துக்கே விட்டுவிடலாம்.

நெக்ஸ்ட் வீட்டு வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஆப்பிள் எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் கதை திரும்புகிறது.

தோற்றவர் ஜெயித்தார்

1996 டிசம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. ஜாப்ஸ் விட்டு வந்த அதே ஆப்பிள் கம்பெனி, நெக்ஸ்ட் கம்பெனியை விலைக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. விலை சுமார் 40 கோடி டாலர்.

நெக்ஸ்டின் அடிப்படை மீதே ஆப்பிள் தன் புதிய மேக் முறையைக் கட்டியது. 2001-ல் அது வெளிவந்தது. நெக்ஸ்டின் திரைப் பாஷைக்கு "கோகோ" என்று புதுப்பெயர் சூட்டினார்கள்.

50 ஆயிரம் பேர் மட்டும் பேசிய பாஷை, பிற்காலத்தில் லட்சக்கணக்கான வீடுகளின் பாஷை ஆயிற்று. அந்தப் பாஷை தெரிந்த ஈமேக்ஸ் துபாஷி அப்போதே தயாராக இருந்தார்!

தொடர் ஓட்டம்

அந்தத் துபாஷி ஒருவர் கையால் உருவானது அல்ல. அதன் நிரலின் தலைப்பைத் திறந்து பார்த்தால், ஐந்து பேருடைய பெயர் வரிசையாக நிற்கும்.

முதலில் எழுதியவர் கார்ல் எட்மன். அதைப் புதுப்பித்தவர் கிறிஸ்டியன் லிம்பாக். நெக்ஸ்டின் அடுத்த வடிவங்களுக்குக் கொண்டுபோனவர் ஸ்காட் பெண்டர். மேக்குக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்டோஃப் டி டினெஷின். அதன் பிறகு அதைப் புதுக் காலத்துக்கு ஏற்றபடி சீர் செய்தவர் ஏட்ரியன் ராபர்ட்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் போகும். அதே மாதிரிதான். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் ஓடினார்.

இது எப்படி முடிந்தது? செய்முறை திறந்திருந்தது. அதனால் முடிந்தது. முதல் ஆளிடம் போய் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. நெக்ஸ்ட் கம்பெனி போனபோது, நிரல் அதோடு போகவில்லை.

இதில் இன்னொரு நல்ல காரியமும் சேர்ந்துகொண்டது. நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்கு "அப்ஜெக்டிவ் சி" என்ற மொழியில் நிரல் எழுத வேண்டும். அதற்கான கருவியை நெக்ஸ்ட் கம்பெனி, ஸ்டால்மன் தொடங்கிய குனு இயக்கத்தின் கருவி மேல் கட்டியது. தான் சேர்த்த பகுதியை மட்டும் மூடி வைக்கப் பார்த்தது. குனு தரப்பு விடவில்லை. "எங்கள் செய்முறையை எடுத்தால், உங்கள் செய்முறையையும் கொடுங்கள்" என்ற நிபந்தனையைக் காட்டியது. கம்பெனி பணிந்தது. அந்த மொழிக் கருவியும் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

கார்பனை நம்பியவர்கள்

ஆப்பிள் பழைய மேக் மென்பொருள்களுக்காக "கார்பன்" என்ற இன்னொரு வழியும் வைத்திருந்தது. 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22, மேக்கில் அந்தக் கார்பன் வழியாகத்தான் ஓடியது. நெக்ஸ்ட் வழி வந்த துபாஷி, உள்ளே இடம் கிடைக்காமல் திண்ணையில் காத்திருந்தார்.

அதே 2007-ல் ஆப்பிள் ஒரு செய்தி சொன்னது. இனி வரும் 64 பிட் முறைக்குக் கார்பன் ஜன்னல்கள் கிடையாது!

கார்பனையே நம்பியிருந்த பெரிய கம்பெனிகள்கூடத் திகைத்தன. வருஷக்கணக்கில் எழுதியதை மாற்றி எழுத வேண்டி வந்தது.

ஈமேக்சுக்கு என்ன ஆயிற்று? திண்ணையில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். 2009 ஜூலையில் வந்த ஈமேக்ஸ் 23-ல், கார்பன் துபாஷி வெளியேறினார். நெக்ஸ்ட் துபாஷி அதிகாரபூர்வமாகப் பதவி ஏற்றார்.

2019-ல் ஆப்பிள் பழைய 32 பிட் மென்பொருள்கள் அனைத்துக்கும் கதவைச் சாத்தியது. செய்முறை மூடியிருந்த எத்தனையோ பழைய மென்பொருள்கள் அன்றோடு நின்றுபோயின. வாங்கியவர் கையில் அது இருந்தும் பயன் இல்லை. ஈமேக்ஸ் வழக்கம்போல் ஓடியது.

சிரிக்காத முகம்

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு மஞ்சள் முகத்தால் சண்டையே வந்தது!

செல்போனில் நாம் அனுப்புகிறோமே, சிரிக்கும் மஞ்சள் முகம்! அது மேக் ஈமேக்சில் வண்ணத்தோடு தெரிந்தது. ஆனால் லினக்ஸ் போன்ற சுதந்திரக் கம்ப்யூட்டர்களில் ஓடிய ஈமேக்சில் அப்படித் தெரியவில்லை.

குனு இயக்கத்துக்கு ஒரு கொள்கை உண்டு. மூடிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வசதி, சுதந்திரக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். ஆகவே 2016-ல் வந்த ஈமேக்ஸ் 25-ல், மேக்கில் வண்ண எழுத்து வசதியை நிறுத்திவிட்டார்கள்.

"இருந்ததைப் பிடுங்குவது நியாயமா?" என்று மேக் வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். "ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பா?" என்பது மறுதரப்பின் நியாயம்.

2020-ல் ஈமேக்ஸ் 27 வந்தது. சுதந்திரக் கம்ப்யூட்டரிலும் வண்ண முகம் தெரிய வழி பிறந்தது. மேக்கிலும் வசதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் மஞ்சள் முகம் சிரித்தது.

நம் "கொ"

இதெல்லாம் அமெரிக்காக்காரர் விவகாரம், நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு.

"கொ" என்று எழுதுங்கள். முதலில் கொம்பு, பிறகு "க", கடைசியில் கால். ஆனால் கம்ப்யூட்டர் இதை மனத்தில் வைக்கும் விதம் வேறு. முதலில் "க", பிறகு ஒகரக் குறி. திரையில் போடும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, "க"வுக்கு முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும்.

இந்த வேலையை மேக்கில் செய்வது ஆப்பிளின் ஒரு பகுதி. லினக்சில் செய்வது "ஹார்ஃப்பஸ்" என்ற திறமூலப் பகுதி. துபாஷி இரண்டையும் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரியாத துபாஷி என்றால், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும். ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இது ஒரு சின்னப் பிழை. நமக்கோ அது படிக்கவே முடியாத எழுத்து.

முடியாத வேலை

வீடு மாறி வந்தாயிற்று, இனி நிம்மதி என்று உட்கார முடியாது. வீட்டுக்காரர் அவ்வப்போது சுவரை இடித்துக் கட்டுவார்!

2018-ல் ஆப்பிள் "மொஜாவே" என்ற பதிப்பை வெளியிட்டது. அதில் திரையில் வரையும் முறையே மாறியிருந்தது. பழைய வழியில் வரைந்த ஈமேக்சில் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியவில்லை. மறுபடி நிரலைத் திறந்தார்கள். மறைவில் ஒரு தனிப் பலகையில் வரைந்து, முடிந்ததும் திரையில் ஒட்டும் முறைக்கு மாற்றினார்கள்.

லினக்ஸ் உலகிலும் பழைய எக்ஸ் விண்டோவை விட்டு, "வேலண்ட்" என்ற புதிய முறைக்குப் பலர் மாறிவருகிறார்கள். அதற்கும் 2023-ல் வந்த ஈமேக்ஸ் 29-ல் ஒரு துபாஷி சேர்ந்துவிட்டார். 2025-ல் வந்த ஈமேக்ஸ் 30, ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் குடிவந்துவிட்டது!

1976-ல் பிறந்த கருவி. கூடவே பிறந்த எத்தனையோ கருவிகள் மறைந்துவிட்டன. இது மட்டும் வீடு வீடாக மாறிக்கொண்டு வாழ்கிறது. கெட்டிக்காரர்கள் எழுதியது என்பது மட்டும் காரணம் அல்ல. எழுதியதை மறைக்காமல் வைத்தார்கள். அதனால் அடுத்தவர் கை கொடுக்க முடிந்தது.

பாட்டி தன் கைமணத்தின் பக்குவத்தை யாருக்கும் சொல்லாமல் போய்விட்டால், அந்த ருசி அவளோடு போய்விடும். பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அடுப்பு மாறினாலும் ருசி மாறாது.

கடைசியாக ஒரு வேடிக்கை. மேக் கம்ப்யூட்டருக்கான ஈமேக்ஸ் நிரல்களைத் திறந்து பார்த்தால், அந்தக் கோப்புகளில் பலவற்றின் பெயர்கள் இன்றும் "என்.எஸ்." என்றுதான் ஆரம்பிக்கின்றன. அது நெக்ஸ்ட் வீட்டின் அடையாளம்.

அந்தக் கறுப்புப் பெட்டி கடையில் இல்லை. அதைச் செய்த கம்பெனியும் இல்லை. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை!